சிலிப்பர் கட்டைமேல் சாம்பல்

அத்தியாயம் ஏழு

இர்ஷாத் தண்டவாளத்தின் ஓரத்தில் குந்தியிருந்து ஒரு சாம்பல் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்ததிலிருந்து பார்க்கிறான். சாம்பல் சாம்பலாகவே இருந்தது.

"அக்கா, பாத்திரம் தேய்க்க அள்ளிக்கொண்டு போகவா? வேற ஒண்டுக்கும் உதவாது போல கிடக்கு."

அஜந்தா அவனுக்குப் பக்கத்தில் குந்தினாள். ஒரு குச்சியை எடுத்துச் சாம்பலை விலக்கினாள். அடியில், தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டை கருகிக் குழி விழுந்திருந்தது. பக்கத்துக் கட்டையும் அப்படித்தான். முன்னாலும் பின்னாலும் வரிசையாகக் கிடந்த மற்றக் கட்டைகளில் ஒரு பொட்டுக் கருக்கல்கூட இல்லை.

களுதாவளையில் பிரதான வீதியை விட்டு மேற்கே இறங்கினால், வாவியைத் தொட்டபடி ஒரு தென்னந்தோட்டம் இருக்கிறது. அந்தத் தோட்டத்தைச் சுற்றி ஒரு சாண்கூட அகலமில்லாத தண்டவாளம் வளைந்து ஓடுகிறது. அதில் ஓடும் நீராவி இஞ்சினின் பக்கத்தில் ‘உன்னிச்சை’ என்று பெயர் எழுதியிருக்கும். உயரம் ஒரு ஆளின் இடுப்புக்கும் வராது. ஆனால் உள்ளே எரிவது உண்மையான நெருப்பு, இழுப்பது உண்மையான நீராவி. பின்னால் கோத்த பெட்டிகளில் பன்னிரண்டு பேரைக் காலை இருபுறமும் போட்டு உட்கார வைத்தாலும் முக்காமல் இழுத்துக்கொண்டு போகும். முதல் நாள் இதைப் பொம்மை ரயில் என்று சொல்லி இர்ஷாத் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

தோட்டத்துக்கும் இஞ்சினுக்கும் சொந்தக்காரர் கோணாமலை. உன்னிச்சையில் பிறந்து, கப்பல்களில் இஞ்சினியராக உலகம் சுற்றி, ஓய்வு பெற்று வந்தவர். போன வாரம் இதே இடத்தில், தண்டவாளம் ஒரு சிறு ஓடையைக் கடக்கும் மரப்பாலத்தின் கீழே, முழங்கால் அளவு தண்ணீரில் முகம் குப்புறக் கிடந்தார். தலையின் பின்பக்கத்தில் அடிபட்ட காயம். ஆனால் உயிரை எடுத்தது காயம் இல்லை என்று சட்ட வைத்தியர் எழுதிவிட்டார். நுரையீரலில் சேறு இருந்தது. விழும்போது மனிதருக்கு உயிர் இருந்தது.

காலையில் பிணத்தைக் கண்டவன் நிலோஜன். விடுமுறை நாட்களில் இஞ்சினை ஓட்டுகிற பொடியன். பொலிசுக்கு அறிவித்தவனும் அவன்தான். பொலிஸ் அவனையே ஏற்றிக்கொண்டு போனது. முதல் நாள் காலையில் அவனும் கோணாமலையும் சத்தம் போட்டதை அயலில் எல்லோரும் கேட்டிருந்தார்கள். நாளை வழக்குத் தவணை. கொலைக் குற்றச்சாட்டு என்று போய்விட்டால் பிணை இப்போதைக்குக் கிடையாது. அவனுடைய அக்கா யசோதினி சிறைச்சாலை வாசலை விட்டு அசையாமல் இருக்கிறாள். யுத்த காலத்தில் ஒரு தம்பியை ‘விசாரிச்சிட்டு விடுறம்’ என்று கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை. இவனையாவது கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்கிறாள்.

அஜந்தாவை அமர்த்தியவர் அவள் இல்லை. கோணாமலையின் நண்பர் சுதாகரன். தொழில்நுட்பக் கல்லூரியில் உலோக வேலை படிப்பித்தவர். இஞ்சினின் கொதிகலனைத் தன் கையாலேயே தகடுகளை உருக்கி ஒட்டிச் செய்தவர். அது விபத்து என்று காட்டிவிட்டால் போதும், பொடியன் பாவம் என்று சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது.

அஜந்தா முன்பு காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்கு விபத்துகளை ஆராய்ந்து கொடுத்தவள். இப்போது மட்டக்களப்பு நகரத்தில் ஒரு மாடி அறையில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். காத்தான்குடி இர்ஷாத்தின் ஓட்டோவில் ஒரு நாள் ஏறினாள். அவனைக் கேட்டால், இன்னும் இறங்கவில்லை என்பான்.

"நெருப்பை இவடத்தில இறக்கியிருக்கு," என்றாள் அஜந்தா கடைசியில்.

நேற்று அவள் சிறையில் நிலோஜனைப் பார்த்துக் கேட்டு வந்ததெல்லாம் இஞ்சினைப் பற்றித்தான். அவன் தன் கதையைச் சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தி, நெருப்பை எப்படி இறக்குவாய் என்று கேட்டாளாம். ஓட்டம் முடிந்ததும் கொட்டிலுக்கு முன்னால் உள்ள சீமெந்துக் குழியின்மேல் இஞ்சினை நிறுத்துவார்கள். அடுப்பின் பக்கத்தில் ஒரு இரும்புப் பின் இருக்கிறது. அதை இழுத்தால் அடுப்புத் தட்டு நெருப்போடு கீழே விழும். மரக் கட்டைமேல் யாரும் இறக்குவதில்லை. ஒரே ஒரு சமயம் தவிர. கொதிகலனில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்ட ஒரு சிறு கண்ணாடிக் குழாய் உண்டு. அதில் தண்ணீர் தெரியவில்லை என்றால், நின்ற இடத்திலேயே, அந்த நொடியிலேயே நெருப்பை இறக்கவேண்டும். இல்லாவிட்டால் கொதிகலனின் மேற்தகடு வெந்துபோகும். பிறகு அது பழைய இரும்புதான்.

"அப்ப சரி," என்றான் இர்ஷாத். "கோணாமலை ஐயா கண்ணாடியப் பார்த்தார், தண்ணி இல்ல, நெருப்ப இறக்கினார், அவசரத்தில கால் தடுக்கி விழுந்தார். விபத்து. சுதாகரன் சேர் சொன்னதுதான் சரி. சாப்பிடப் போவம்."

அஜந்தா தண்டவாளத்துக்கு அப்பால் புல்லை விலக்கிக்கொண்டு போனாள். குனிந்து எதையோ எடுத்தாள். விரல் தடிப்பில் ஒரு இரும்புப் பின், தலையில் ஒரு வளையம். வளையத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அதைப் பொலித்தீன் பைக்குள் போட்டு மூடிக்கொண்டாள்.

"ஐயாட பிணத்தில கையுறை இருந்தது," என்றாள். "தடிச்ச தோல் கையுறை. ரெண்டு கையிலயும். பொலிஸ் எடுத்த படத்தில பார்த்தன்."

"சுடும்தானே, போட்டிருப்பார்."

"கரி இல்ல. விரல் நுனியில புதுசாச் சூடு பட்ட அடையாளம் இல்ல. சேறு மட்டும்தான் பட்டிருந்தது."

இர்ஷாத்துக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் பிடிக்கவில்லை. கோணாமலை பின்னை இழுக்கவில்லை. அவர் விழுந்த பிறகு வேறொருவர் இழுத்திருக்கிறார். இஞ்சினைத் தெரிந்த ஒருவர். மட்டக்களப்பு முழுக்கத் தேடினாலும் இந்த இஞ்சினைத் தெரிந்தவர்களை ஒரு ஓட்டோவில் ஏற்றலாம். அதில் ஒருவன் ஏற்கெனவே விளக்கமறியலில் இருக்கிறான்.

"அக்கா, நாம ஆருட கட்சி? இதக் கொண்டுபோய்க் குடுத்தா பொலிசுக்கு வேலையே இல்ல. நிலோஜன்ட கழுத்துக்கு நாமளே கயிறு திரிச்ச மாதிரி."

"அப்பிடித்தான் அவங்க சொல்லுவாங்க."

"சாம்பல மூடி விடவா?"

"மூடாத. கேட்டாங்க எண்டா சொல்லத்தான் வேணும்."

இவளிடம் இதுதான் கஷ்டம். பொய் சொல்லத் தெரியாத ஆளிடம் துப்பறிய வந்தது யாருடைய தலைவிதியோ என்று இர்ஷாத் நினைத்துக்கொண்டான்.

பொலிஸ் தள்ளிக்கொண்டு வந்து விட்ட உன்னிச்சை கொட்டிலுக்குள் குளிர்ந்துபோய் நின்றது. பச்சைப் பூச்சு. கொதிகலனின் முதுகில் நீராவி அளவுக்கு மிஞ்சினால் தானாகத் திறக்கும் வால்வு. அதன் கீழிருந்து வெள்ளைக் கோடுகள் பச்சையின்மேல் வழிந்து காய்ந்திருந்தன. காகம்தான் என்றான் இர்ஷாத். அஜந்தா ஒரு கோட்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"யா அல்லாஹ். அக்கா, நான் காகம் எண்டு சொன்னதக் கேக்கல்லயா?"

"உப்பு," என்றாள். "வாவித் தண்ணி."

நிலோஜன் சொன்னதும் அதுவே. மழைத் தண்ணீர்த் தாங்கி வெடித்து வற்றிப் போயிருந்தது. மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவதாக இருந்தது. கோணாமலை வாவியில் அள்ளி நிரப்பச் சொன்னார். நிலோஜன் மாட்டேன் என்றான். உப்புத் தண்ணீர் கொதித்தால் நுரைத்துத் தள்ளும், இரும்பைத் தின்றுவிடும் என்று சத்தம் போட்டான். அயலவர்கள் கேட்டது அந்தச் சண்டையைத்தான். அவன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். கோணாமலை தானே வாளி எடுத்து அள்ளியிருக்கிறார்.

தண்ணீருக்குப் போய் யாராவது ஆளைக் கொல்வார்களா என்று இர்ஷாத் கேட்டான். அஜந்தா கொதிகலனின் ஒட்டுத் தையலை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். இவ்வளவு நேர்த்தியாக வேறு யாராலும் ஒட்ட முடியாது. ஒரு முடிச்சு இல்லை, ஒரு மேடு இல்லை.

பிறகு வெளியே போய் சுதாகரனுக்குத் தொலைபேசி எடுத்தாள். இஞ்சினை ஒரு முறை ஓட்டிக் காட்டமுடியுமா, எப்படி விபத்து நடந்திருக்கும் என்று பார்த்தால்தான் சட்டத்தரணிக்கு ஏதாவது சொல்லலாம் என்றாள். நல்ல தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

பேசி முடித்துவிட்டு இர்ஷாத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியாது. ஏன்?"

"முழங்கால் அளவுதான். நான் ‘தம்பி, வழுக்கும்’ எண்டு சொன்னா நீ விழவேணும். முகம் குப்புற. ஆரும் தூக்கும் வரைக்கும் எழும்பப்படாது."

"ஆரும் தூக்காட்டி?"

அஜந்தா தொலைபேசியைப் பைக்குள் போட்டாள். இர்ஷாத் தன் சட்டையைப் பார்த்தான். பெருநாளுக்கு எடுத்த சேட்.

சுதாகரன் ஒரு சின்னப் பட்டா லொறியில், ஆறு பிளாஸ்டிக் கான் மழைத் தண்ணீரோடு வந்து இறங்கினார். சாரம், அரைக்கைச் சேட், தோளில் ஒரு துவாய். போன மாத ஆனி உத்தரத் திருவிழாவுக்குப் பிறகு தோட்டத்துப் பக்கம் வரவே இல்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தார். இன்றும் சொன்னார். உள்ளே வந்தவர் கோணாமலையின் வெறுங்கதிரையைப் பார்க்காமல் கடந்து நேரே இஞ்சினிடம் போனார்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அவர் வேறு ஆளாக இருந்தார். கொதிகலனுக்குள் ஓடும் குழாய்களைத் தூரிகை விட்டுத் துடைத்தார். தண்ணீரைத் துணியில் வடித்து நிரப்பினார். அடுப்புத் தட்டைத் தூக்கிப் பொருத்தி, சட்டைப் பையிலிருந்து புதிதாகக் கடைந்த ஒரு பின்னை எடுத்துச் செருகினார். மண்ணெண்ணெயில் ஊறிய விறகுச் சீவலைப் பற்றவைத்து, புகைபோக்கியின் வாயில் ஒரு சின்ன மின்விசிறியை வைத்துக் காற்றை இழுக்க விட்டார். நெருப்புப் பிடித்ததும் சிரட்டைக் கரியைப் பிடி பிடியாக உள்ளே தூவினார். மூட்டு மூட்டாக எண்ணெய் விட்டார். பிள்ளைக்குத் தலை முழுக வார்க்கிறது மாதிரி என்று இர்ஷாத்துக்குத் தோன்றியது. அதை வைத்து ஒரு பகிடி விடலாம் என்று பார்த்தான். வரவில்லை.

அஜந்தா கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணாடியைப் பற்றித்தான் அதிகம் கேட்டாள். அவரும் ஆசையாகச் சொன்னார். மேலே ஒரு திருகு, கீழே ஒரு திருகு, இரண்டும் திறந்திருந்தால்தான் கண்ணாடி உண்மை பேசும். இரண்டையும் பூட்டி, அடியில் உள்ள சின்ன வடிகாலைத் திறந்தால் கண்ணாடி வெறுமையாகிவிடும். உள்ளே தண்ணீர் நிறைய இருந்தாலும் தெரியாது. ஆகவே கண்ணாடி வெறுமையாகத் தெரிந்தால் முதலில் திருகைப் பார்க்கவேண்டும்.

"அதுக்கெல்லாம் ஆருக்கு நேரம், புள்ள," என்று சிரித்தார். "தண்ணி காணயில்ல எண்டா கை தானா நெருப்ப இறக்கப் போகும்."

நீராவி அழுத்தம் காட்டும் முள் ஏறியது. உன்னிச்சை மெல்ல மூச்சு விடத் தொடங்கியது. சுதாகரன் பின்பெட்டியில் காலை அகட்டி உட்கார்ந்து ஓட்ட, அஜந்தாவும் இர்ஷாத்தும் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார்கள். தென்னைகள் இரண்டு பக்கமும் கடந்தன. ஓடையருகில், மரப்பாலத்துக்குக் கொஞ்சம் இப்பால், இஞ்சின் நின்றது. வாவி மத்தியான வெயிலில் தகரம் மாதிரி கிடந்தது. காற்று இல்லை.

ஐயா எந்த இடத்தில் கிடந்தார் என்று கீழே இறங்கிக் காட்டச் சொன்னாள் அஜந்தா. தான் இஞ்சினைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். சுதாகரன் கொஞ்சம் தயங்கினார். பிறகு இறங்கினார். இர்ஷாத் அவருக்குப் பின்னால் போனான். கண்டல் வேர்கள் காலைத் தட்டின. பாலத்தின் தூணருகில் சேறு குழைந்து கிடந்தது. சுதாகரன் தூணைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

மேலேயிருந்து அஜந்தாவின் குரல் வந்தது.

"தம்பி, வழுக்கும்."

இர்ஷாத் விழுந்தான். கையை விரித்து, ஒரு சத்தம் போட்டு, விழுகிறது மாதிரியே விழுந்தான். வெதுவெதுப்பான தண்ணீர் முகத்தை மூடியது. சேறு உள்ளங்கையை இழுத்தது. கண்ணை மூடி மூச்சைப் பிடித்தான். சுதாகரன் எட்டினால் தொடும் தூரத்தில் நின்றார். இப்போது ஒரு கை வந்து சட்டைக் கொலரைப் பிடிக்கும் என்று காத்திருந்தான்.

தண்ணீருக்குள் குரல் மங்கலாகக் கேட்டது. அஜந்தாதான்.

"சேர், கண்ணாடியில தண்ணி காணயில்ல."

பக்கத்தில் சேறு சளக்கென்றது. பிறகு காலடிகள். அவை அவன் பக்கம் வரவில்லை. கரையேறின.

இர்ஷாத் காத்திருந்தான். நெஞ்சு இறுகியது. காதுக்குள் இரைந்தது. எங்கோ இரும்பில் இரும்பு மோதும் சத்தம். ஒரு தரம், இன்னொரு தரம். இந்த இடத்தில்தான் அந்த மனிதரும் கிடந்தார் என்பது அவனுக்கு அப்போதுதான் உடம்பில் உறைத்தது. அவரும் இதே சத்தத்தைக் கேட்டிருப்பார். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. கையை ஊன்றினான். சேறு விடவில்லை. மறுபடி ஊன்றி, முழங்காலில் எழும்பி, வாயாலும் மூக்காலும் தண்ணீர் ஒழுக மூச்சை இழுத்தான். யாரும் அவனைத் தூக்கவில்லை.

மேலே, சுதாகரன் தண்டவாளத்தின் பக்கத்தில் நெஞ்சு நிலத்தில் பட விழுந்து கிடந்தார். தோளில் கிடந்த துவாய் வலது கையைச் சுற்றியிருந்தது. அந்தக் கையில் பின் இருந்தது. நெருப்பு சிலிப்பர் கட்டைகளின்மேல் கொட்டிக் கிடந்து புகைந்தது. அவர் தலையைச் சரித்துக் கொதிகலனின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் வியர்வை கொட்டியது. தப்பிவிட்டது என்ற முகம்.

அஜந்தா இஞ்சினின் மறுபக்கம் நின்றாள். குனிந்து வடிகாலை மூடி, மேலும் கீழும் இருந்த திருகுகளைத் திறந்தாள். கண்ணாடிக்குள் தண்ணீர் துள்ளி ஏறி முக்கால் உயரத்தில் நின்றது.

"பொயிலர்ல தண்ணி இருந்தது சேர். நான் கண்ணாடியத்தான் பூட்டினன்."

சுதாகரன் தண்ணீரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகுதான் தலையைத் திருப்பி ஓடையைப் பார்த்தார். உடம்பெல்லாம் சேறாக இர்ஷாத் நின்றுகொண்டிருந்தான். அவர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் யாரென்றே தெரியாதது போல ஒன்று இருந்தது. பிறகு தெரிந்தது. அந்த இடத்திலேயே, நிலத்தில் கிடந்தபடியே, அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அஜந்தா பொலித்தீன் பையை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தாள். பழைய பின்னின் வளையத்தில் கருகி ஒட்டியிருந்தது துவாய் நூல். இப்போது அவர் கையில் இருந்த புதுப் பின்னிலும் அதே மாதிரி நூல் கருகி ஒட்டிப் புகைந்தது. நிலோஜனிடம் கேட்டறிந்ததையும் சேர்த்து அவள் நிதானமாகச் சொன்னாள். கோணாமலை ஐயா கையுறையோடு இழுப்பார். நிலோஜன் சூட்டுக்குப் பயந்தவன், நீட்டுக் கொளுக்கி செய்து வைத்து அதாலேதான் இழுப்பான். துவாய் சுற்றுகிறவர் ஒருவர்தான். அந்த ஒருவர் திருவிழாவுக்குப் பிறகு தோட்டத்துக்கு வரவேயில்லை என்கிறார். ஆனால் பின் தொலைந்து போனது தெரிந்து, புதிதாகக் கடைந்து சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வருகிறார். பழையது எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சுதாகரன் எழும்பி உட்கார்ந்தார். மறுக்கவில்லை. மறுக்க அவருக்குத் தெம்பு இருந்ததாகத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் சும்மாதான் வந்தாராம். இஞ்சின் வருகிற சத்தமே பிழையாகக் கேட்டது. கிட்ட வந்தபோது புகைபோக்கியால் நுரை தெறித்தது. ஒரு துளி உதட்டில் பட்டது. உப்பு. தண்டவாளத்தில் குறுக்கே நின்று மறித்தார். கோணாமலை இறங்கி வந்து சிரித்தார். இரும்புதானே, போனால் இன்னொன்று ஒட்டித் தாவேன் என்றார். மூன்று வருடம் ஒட்டிய கொதிகலன். சுதாகரன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். கொல்ல இல்லை, வாயை மூட. கோணாமலை பாலத்து விளிம்பில் கால் சறுக்கி, தூணில் தலை அடிபட்டு, கீழே போனார்.

"இறங்கத்தான் போனன்," என்றார். "ஒரு கால் கீழ வச்சிட்டன் புள்ள. திரும்பிப் பார்த்தா கண்ணாடியில தண்ணி இல்ல."

"மறுகா என்ன செய்தீங்க?"

"பின் இறுகிப் போயிருந்திச்சு. இழுத்து எடுத்துப்போட்டுப் பார்த்தன். கீழ தண்ணி அசையாமக் கிடந்திச்சு."

கடலிலேயே வாழ்ந்த மனிதன், எழும்பி வருவான் என்றுதான் நினைத்தாராம். இழுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு கிடந்த மாதிரியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். காலையில் நிலோஜனைப் பிடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தார்.

"அவனுக்கு ஒண்டும் ஆக விடப்படாது எண்டுதான் உங்களிட்ட வந்தன்."

"நான் விபத்து எண்டு சொல்லியிருந்தா, நீங்க ஒண்டும் சொல்லத் தேவையில்ல," என்றாள் அஜந்தா.

அவர் ஓம் என்று தலையை ஆட்டினார்.

கரி கட்டைகளின்மேல் அணைந்துகொண்டிருந்தது. அஜந்தா நிலோஜனைப் பற்றி மட்டும் சொன்னாள். தவணை நாளைக் காலை. அதற்கு முன்னால் பொலிசுக்குப் போனால் பொடியன் நாளைக்கே வெளியே வரலாம். சாம்பலையும் பின்னையும் தான் எப்படியும் கொடுக்கத்தான் போகிறாள். ஆனால் அவற்றை மட்டும் கொடுத்தால் வழக்குப் பேசிப் பேசி வருடக் கணக்காகும். அதுவரைக்கும் நிலோஜன் உள்ளே இருப்பான். சுதாகரன் தன் வாயால் சொன்னால் அது இன்றோடு முடியும்.

அவர் கேட்டது ஒன்றுதான். கொதிகலனில் இருக்கிற தண்ணீரை இறக்கிவிட்டு வரட்டுமா என்றார். வேண்டாம் என்றாள் அஜந்தா. அவர் எழும்பினார். இஞ்சினைத் தொடாமல் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

ஓட்டோவில் இர்ஷாத்தின் ஆசனம் நனைந்து சேறானது. இப்படியான வேளைகளில் ஏதாவது சொல்லிப் பாரத்தை இறக்குவது அவன் வேலை. அதற்காகத்தான் தன்னை வைத்திருக்கிறாள் என்றுகூட நினைப்பதுண்டு. ஓட்டோக் கண்ணாடியில் பின்னால் இருந்த மனிதரைப் பார்த்தான். துவாயை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். மடித்து, விரித்து, மறுபடி மடித்தார். தன் முதுகைத் தொடாமல் கரையேறிப் போன அந்தக் காலடிகள் இர்ஷாத்தின் காதுக்குள் இன்னும் கேட்டன. கோபம் வருமென்று பார்த்தான். குளிர்தான் வந்தது.

பொலிஸ் நிலைய வாசலில் ஓட்டோவை நிறுத்தினான். சுதாகரன் இறங்கவில்லை. காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"புள்ள, ஒண்டு கேக்கவா?" என்றார் சுதாகரன். "நான் முதல்ல கீழ இறங்கியிருந்தா பொயிலர் போயிருக்கும்தானே?"

"போயிருக்கும்."

"அதச் சொன்னா கோணாமலை என்ன செய்திருப்பான் தெரியுமா?" அவர் குரல் இறங்கியது. "பொயிலர எரிய விட்டுட்டு என்னைத் தூக்க வந்தயாடா மடையா எண்டு ஏசியிருப்பான். சத்தியமா ஏசியிருப்பான்."

அஜந்தா அவரைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

"ஓம் சேர்," என்றாள். "ஏசுறதுக்கு ஆள் இருந்திருக்கும்."

சுதாகரன் துவாயை ஆசனத்திலேயே வைத்துவிட்டு இறங்கி உள்ளே நடந்தார்.